மிதியாது வணங்கும் மலை

திருக்கயிலை யாத்திரை பற்றிய பேச்சு இப்பொழுது இல்ஃபோர்டிலே பல வீடுகளில் அடிபடுகின்றது. கொரோனாத் தொற்றுடன் 2020 இல் நின்றுபோன யாத்திரை மீண்டும் தொடங்கியுள்ளது. இந்திய அரசு தன் குடிமக்களுக்காக நடத்தும் யாத்திரையும் 2025 இல் மறுபடி ஆரம்பமாயிற்று. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எம்மவர்க்கு அந்த அரசு யாத்திரையில் இடமில்லை. நேபாளம் வழியாகவோ லாசா வழியாகவோ குழுவாகத்தான் செல்ல வேண்டும். போவதற்கு ஆயத்தமாவோரும், போகமுடியாதே என்று மனம் வருந்துவோரும் எம்மிடையே இருக்கின்ற இவ்வேளையில், சமய வகுப்பிலே இங்கு பிறந்த ஒரு பிள்ளை கேட்ட வினாவை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம்.

வினா இதுதான்: எவரெஸ்டிலேயே ஏறிவிட்டார்கள், அதைவிடச் சிறிய கயிலையில் ஏன் ஒருவரும் ஏறவில்லை?

ஏறினால் பாவம் என்று சொல்லி வாயை மூடிவிடலாம். ஆனால் இங்குள்ள பாடசாலைகளிலே காரணம் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அது போதாது. எமக்கும் அது போதாது என்பதே உண்மை. எனவே சற்றுச் சுற்றிப் போய் இதனைப் பார்ப்போம்.

எவரெஸ்டுக்கு நடந்து செல்லும் பாதையிலே, நம்சே பசார் என்னும் ஊருக்கு மேலே, கும்ஜுங், குண்டே என்னும் இரண்டு ஷெர்பாக் கிராமங்கள் உள்ளன. எவரெஸ்டில் டென்சிங்குடன் முதன்முதலில் ஏறிய ஹிலாரி 1961 இல் பாடசாலை கட்டிக்கொடுத்த கும்ஜுங் இதுதான். அக்கிராமங்களின் தலைக்கு மேலே செங்குத்தான பாறையாக ஒரு மலை நிற்கின்றது. அதன் பெயர் கும்பிலா. உயரம் 5,761 மீற்றர். எவரெஸ்ட் 8,849 மீற்றர் என்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு குன்றுதான். ஆனால் எவரெஸ்டிலே கூலிக்கு ஏறிப் பிறரையும் ஏற்றிவிடும் ஷெர்பா மக்கள், தம் வீட்டுக்கு மேலே நிற்கும் இந்த மலையில் ஏறுவதில்லை. ஏற எவரையும் அழைத்துச் செல்வதுமில்லை. ஏனெனில் கும்பிலா அவர்களுடைய நாட்டுத் தெய்வம். கும்பு என்பது அப்பிரதேசத்தின் பெயர். குதிரைமீது வரும் காவல் தெய்வமாக அதனைச் சித்திரத்தில் எழுதி, ஆண்டுதோறும் வழிபடுகின்றனர். மலையேற வருவோர் அனைவரும் அதன் அடியால் நடந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாற் செல்கின்றனர்.

இங்கே ஒரு செய்தியை எம்மவர் விசேடமாகக் கவனிக்க வேண்டும். ஷெர்பா என்றாற் கிழக்கிலிருந்து வந்தவர் என்று பொருள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்குத் திபெத்திலிருந்து பனிமலைக் கணவாய்களைத் தாண்டி இடம்பெயர்ந்து வந்த மக்கள் அவர்கள். வந்த இடத்திலே கண்ட மலையைத் தம் தெய்வமாகக் கொண்டனர். தமக்கு முன்னரே அந்த மண்ணுக்கு உரியவர் ஒருவர் இருக்கின்றார், நாம் அவருடைய நிழலிலே குடியிருக்க வந்தவர்கள் என்பது அந்த வழிபாட்டின் உட்கருத்து என்று நாம் கருதுகின்றோம். வீட்டுக்காரரின் தலையில் யாராவது கால் வைப்பார்களா?

இது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று இங்குள்ள எவரும் சொல்வாராயின், அவருக்கு இந்நாட்டு மலையேறிகளையே சாட்சிக்கு அழைக்கலாம். உலகின் மூன்றாவது உயர்ந்த மலையாகிய கஞ்சன்ஜங்காவில் 1955 மே 25 ஆம் திகதி ஏறிய ஜோர்ஜ் பாண்ட், ஜோ பிரவுண் என்னும் இரு பிரித்தானியரும் உச்சிக்குச் சில அடிகள் கீழே நின்று திரும்பிவிட்டனர். அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் சிக்கிம் மக்களின் அரசருக்கு, உச்சியை மிதிக்கமாட்டோம் என்று அவர்களுடைய குழு வாக்களித்திருந்தது. மறுநாள் ஏறிய இருவரும் அவ்வாறே நின்று திரும்பினர். எண்ணாயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு மேலே, காண்பதற்கு ஒருவருமில்லாத இடத்திலே அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். கணக்காய்வாளர் எவரும் அங்கே போய்ச் சரிபார்க்க முடியாது என்பதை எமது தொழில்முறையிற் சொல்லி வைக்கின்றோம். 1957 இல் நேபாளத்தின் மச்சபுச்சாரே மலையில் ஏறிய பிரித்தானியக் குழுவும் உச்சிக்கு ஏறக்குறைய 50 மீற்றர் கீழே திரும்பியது. அதன்பின் நேபாள அரசு அந்த மலையை ஏறுவோர்க்கு மூடிவிட்டது.

இனித் திருக்கயிலைக்கு வருவோம். அதன் உயரம் 6,638 மீற்றர். திபெத்தியர் அதனைப் பனியின் மாணிக்கம் என்னும் பொருளிலே கங் ரின்போச்சே என்பர். சைவருக்குச் சிவபெருமான் வீற்றிருக்கும் இடம்; பௌத்தருக்கும், சமணருக்கும், திபெத்தின் பழைய சமயமாகிய பொன் சமயத்தவருக்கும் அதுவே புனித மலை. ஏறக்குறைய 52 கிலோமீற்றர் சுற்று. நாமும் பௌத்தரும் வலமாகச் சுற்றுவோம். பொன் சமயத்தவர் இடமாகச் சுற்றுவர். எதிரெதிரே வருவோர் ஒரே பாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கடந்து செல்கின்றனர். சமயச் சண்டை மலிந்த உலகில் இதனைக் காண்பதற்கே ஒருமுறை போகலாம்.

1926 இல் அல்மோராவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஹியூ ரட்லெட்ஜ் கயிலையைச் சுற்றிவந்து, அதன் வடக்கு முகம் ஏறவே முடியாதது என்று முடிவு செய்தார். அதே பயணத்தில் கேணல் வில்சன் என்பவர் ஒரு ஷெர்பாவுடன் மறுபுறம் சென்று, அங்கே ஏறக்கூடிய வழி ஒன்று உண்டு என்று எண்ணினார். காலமும் பனியும் இடந்தரவில்லை. உலகின் தலைசிறந்த மலையேறியாகக் கருதப்படும் இத்தாலியர் மெஸ்னர், 1980 களில் தமக்குக் கிடைக்கவிருந்த வாய்ப்பை மறுத்துவிட்டார். 2001 இல் ஸ்பானியக் குழுவொன்றுக்கு அனுமதி கிடைத்ததாகச் செய்தி வந்ததும் உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது; அதனை மறுத்த சீன அரசு, கயிலையில் ஏற எவருக்கும் இடமில்லை என்றது. ஆகவே பிள்ளையின் வினாவுக்கு முதல் விடை: ஏற முடியாது என்பதனால் மாத்திரம் ஏறாமல் விடவில்லை. ஏறக்கூடியவர்களும் வேண்டாம் என்று நின்றார்கள்.

ஆனால் ஏன் வேண்டாம்? இதற்கு எமது பெரியபுராணத்திலேயே விடை இருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் காரைக்காலம்மையாரின் வரலாற்றைப் பாடினார். பேய்வடிவு வேண்டிப் பெற்ற அம்மையார் வடக்கே கயிலைக்குச் செல்கின்றார். மலையின் அருகே வந்ததும், இறைவன் எழுந்தருளியிருக்கும் இம்மலையைக் காலால் மிதிப்பதா என்று அஞ்சித் தலையால் நடந்து ஏறுகின்றார். உமாதேவியார் கண்டு வியந்து, எலும்புடம்போடு வரும் இவர் யார் என்று வினவ, எம்மைப் பேணும் அம்மை இவர் என்று பெருமான் விடை கூறுகின்றார். தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான் ஒருவரைத் தாய்முறை சொல்லி அழைத்தார் என்றால், அது கால் வைக்கக் கூசிய அந்த அம்மையாரைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலே இராவணனை வைத்துப் பாருங்கள். அவனுடைய வானவூர்தி கயிலையின் அருகே தடைப்பட்டது. நந்திதேவர், இவ்வழியாற் போகாதே, திரும்பிப் போ என்றார். சுற்றிப் போயிருந்தால் ஒன்றும் நடந்திராது. என் வழியில் ஒரு மலையா என்று இறங்கி, அதைப் பெயர்த்தெடுக்க முயன்றான். பெருமானின் திருவிரல் நுனியிலே நசுங்கினான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாவது பாடலைப் பெரும்பாலும் இதற்கென்றே வைத்திருக்கின்றார். பிறகு அவன் சாமகானம் பாடி அருள் பெற்றதையும் அங்கேயே சொல்கின்றார். எங்கள் ஈழத்து மன்னன் என்று அவனைச் சொல்லிப் பெருமைப்படுவோர் எம்மிடையே உளர். பெருமைப்படுவதில் எமக்கு ஆட்சேபமில்லை. பாட்டுக்காகப் பெருமைப்படலாம், மலையைப் பிடுங்கியதற்காக அல்ல.

மலைக்கு மட்டுமா இந்த மரியாதை? அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார். அந்தச் சம்பந்தர் அவதரித்த சீகாழியை மிதிக்க அஞ்சிச் சுந்தரர் ஊரின் எல்லையைச் சுற்றி வலம் வந்தார். இறைவன் அங்கேயே காட்சி கொடுத்தார். உள்ளே போகாமலே கிடைத்த காட்சி அது.

இன்றும் கண்ணால் காணத்தக்க சான்று திருவண்ணாமலை. மலையே இலிங்கம் என்பது அங்கே வழக்கு. உயரம் 814 மீற்றர்; அங்கு மலையைச் சுற்றிப் 14 கிலோமீற்றர் நடப்பதுதான் வழிபாடு. அண்ணாமலையாரே ஆண்டுக்கு இருமுறை, தைமாதத்துத் திருவூடலை அடுத்தும் கார்த்திகைத் தீபத்தை அடுத்தும், தம் மலையைத் தாமே வலம் வருகின்றார். கார்த்திகைத் தீபத்துக்காகக் கொப்பரையையும் நெய்யையும் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கின்றதே, அப்பொழுது மிதிக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தீபம் பதினொரு நாள் எரிந்து முடிந்தபின், மலையைக் காலால் மிதித்த குற்றத்துக்காகப் பிராயச்சித்தப் பூசை செய்கின்றார்கள். தெய்வத்தின் பணிக்காகவே ஏறியிருந்தாலும், மன்னிப்புக் கேட்கின்றார்கள். இதை வாசித்த பின்னரும் ஏறினால் பாவமா இல்லையா என்று பிள்ளைகள் வாதிட்டால் வாதிடட்டும். மிதித்தோம் என்ற உணர்வு இருப்பதுதான் இங்கே முக்கியம் என்பது எம் கருத்து.

இவ்வளவும் போகக்கூடியவர்களுக்குச் சொன்னது. எமது சங்கத்திலே எழுபதைக் கடந்த ஓர் அம்மா இருக்கின்றார். இருதய வருத்தம், நீரிழிவு இரண்டும் உண்டு. கயிலை போகவேண்டும் என்கின்றார். பிள்ளைகள் விடமாட்டோம் என்கின்றார்கள். "அரைவாசியிலே திரும்பினாலும் பலன் உண்டோ, தம்பி?" என்று எம்மிடம் கேட்டார். கணக்குப் பார்ப்பவனிடம் கேட்டால் கணக்கு வரும் என்று நினைத்தார் போலும்.

உலகத்திலே அந்தக் கணக்கும் உண்டு. திபெத்தியர் 108 முறை சுற்றினால் முத்தி என்பர். குதிரை ஆண்டிலே ஒருமுறை சுற்றுவது பதின்மூன்று முறைக்குச் சமம் என்பர். 2014 குதிரை ஆண்டு, அடுத்தது 2026. ஒன்றுக்குப் பதின்மூன்று எந்த வங்கியும் கொடாத வட்டி. ஆனால் எமது திருமுறை ஆசிரியர்களிடம் இவ்வாறான வரவுசெலவுக் கணக்கு ஒன்றையும் நாம் காணவில்லை. மாறாக, தூரத்திலே நின்று வணங்கியவர்களைத்தான் காண்கின்றோம். சம்பந்தர் காளத்தியிலே இருந்துகொண்டே கயிலையைப் பாடினார். ஈழத்துத் திருக்கோணமலைப் பதிகத்தையும் அவர் ஈழத்துக்கு வராமலே, இராமேச்சுரத்திலிருந்து கடலுக்கு இப்பால் நோக்கிப் பாடினார் என்பது மரபு. சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடியதும் அவ்வாறே. தட்சிண கயிலாயம் என்று நாம் போற்றும் கோணமலை, வராமலே பாடப்பட்டது.

இது எமக்கு மிக அண்மையான செய்தி. எம்மிற் பலர் அகதிகளாக இங்கு வந்தோர். அகதிக்குக் கொடுக்கப்படும் நீலநிறப் பயண ஆவணத்திலே போகலாம் என்ற நாடுகள் பல. போகக்கூடாத நாடு ஒன்று, அது பிறந்த நாடு. கோணேசர் மலைக்குப் போகமுடியாத அந்த ஆண்டுகளிலே, இல்ஃபோர்டிலே வாடகை அறையொன்றின் சுவரில் ஒட்டிய படத்துக்கு முன்னே நின்று அதே பதிகத்தைப் பாடினோம். பாடியவரும் தூரத்தில் நின்றுதான் பாடினார் என்பது அப்பொழுது எமக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை, அந்தக் காலத்தை அனுபவித்தோர் அறிவர். கோணமலைக்கே இதற்கு முன்மாதிரி உண்டு. 1620 களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டைக்கு இட்டனர். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963 இல் நடந்தது. இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் இல்லை. ஆனாலும் அந்தப் பாறைக்கே பூசை நடந்தது. பூவையும் தேங்காயையும் கடலுக்குள் இட்டு வணங்கியதை ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கின்றார்கள். 1950 இல் கிணறு வெட்டிய இடத்திலே பழைய திருமேனிகள் வெளிப்பட்டன.

போகத்தான் போகின்றோம் என்போர்க்குச் சில வார்த்தைகள். கயிலைச் சுற்றில் ஆக உயர்ந்த இடம் டொல்மா கணவாய், ஏறக்குறைய 5,630 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் அரைவாசிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அரைவாசிதான். வலன்டைன்ஸ் பூங்காவைத் தினமும் பத்துச் சுற்றுச் சுற்றினால் கால் உரம் பெறும், நல்லது, செய்யுங்கள். ஆனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்க அது உதவாது. அதற்கு ஒரே வழி மெதுவாக உயர்வதுதான். நான்கு நாள் லீவு மிச்சம் பிடிப்பதற்காக வாகனத்திலே விரைந்து மேலே போவோர்தான் பெரும்பாலும் வருத்தப்படுகின்றார்கள். தலையிடி, வாந்தி, நித்திரையின்மை முதல் அறிகுறிகள்; அவை இருந்தால் மேலே ஏறக்கூடாது. இருந்தபடியே மூச்சு வாங்குதல், இடைவிடாத இருமல், தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை உயிருக்கு ஆபத்து. இரவென்றும் பாராமல் உடனே கீழே இறக்க வேண்டும். நாளை விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. இன்சுலின் உறைந்தால் பயன்படாது, உடம்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். இருதயம், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர் பணம் கட்டுவதற்கு முன்னர் குடும்ப வைத்தியரிடம் கேட்கவேண்டும். பணம் கட்டிய பின்னர் கேட்டால் மனம் நல்ல விடையைத்தான் தேடும். குழுவை நடத்தும் ஷெர்பா, இனி வேண்டாம் இறங்குங்கள் என்றால் மறுபேச்சுப் பேசாமல் இறங்குங்கள். மலையைத் தெய்வமாக அறிந்தவர் சொல்லும் சொல் அது.

அந்த அம்மாவுக்கு நாம் சொன்ன விடை அப்பர் சுவாமிகளின் வரலாறுதான். கயிலையைக் கண்டே தீர்வேன் என்று முதுமையிலே புறப்பட்டார் திருநாவுக்கரசர். கால் தேய்ந்தது; கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் உந்தினார். மார்பும் தேய உருண்டார். பின்னர் அதுவும் இயலாமற் கிடந்தார். முனிவராக வந்த பெருமான், மானிட உடம்போடு கயிலை சேர்வது அரிது, மீண்டு போம் என்றார். மீளேன் என்றார் அப்பர். அவருடைய உறுதியை இறைவன் பழிக்கவுமில்லை, வழியை மாற்றாமலும் விடவில்லை. அங்குள்ள தடாகத்தில் மூழ்கச் சொன்னார். அப்பர் எழுந்தது திருவையாற்றுக் குளத்திலே. அங்கே பிடியும் களிறுமாகவும், சேவலும் பேடுமாகவும் இணைந்து வந்த உயிர்களிலெல்லாம் அம்மையப்பரைக் கண்டார். கயிலைக் காட்சி சோழநாட்டிலே, காவிரிக்கரையிலே கிடைத்தது. அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் திருவையாற்றுக்காவது போறன்" என்றார். ஆடி அமாவாசையிலே அங்கே அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கின்றது; பிள்ளைகளும் சம்மதித்துவிட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு முன்னர் பிள்ளைகள் செய்யவேண்டியது ஒன்று. அறுபத்துமூவர் திருமேனிகள் வரிசையாக உள்ள கோயிலுக்குப் பெற்றோருடன் செல்லும்போது, எல்லோரும் நின்றுகொண்டிருக்க ஒருவர் மாத்திரம் அமர்ந்திருப்பார். அவர் யார் என்று கண்டுபிடித்து வரவேண்டும். கண்டவர்கள், அவர் எந்த மலைக்கு எவ்வாறு போனார் என்பதை வகுப்பிலே எழுந்து நின்று தமிழிலே சொல்ல வேண்டும். பெற்றோர் வீட்டிலே ஒருமுறை சொல்லிப் பழக்கிவிட்டால் நலம்.